கசப்பும் நாணயமும்

ஒருவன் ஒரு பண்டத்தை நாணயமாகச் செய்கிறான். அந்தப் பண்டம் உலகத்துக்கு நல்லதா, கெட்டதா என்பது வேறு விஷயம். செய்த நாணயத்தை மட்டும் தனியே பிரித்து எடுத்துப் பாராட்டலாமா? இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. இங்கிலாந்தின் தென்பகுதியில், சசெக்ஸ் சீமையில், லூயிஸ் என்ற ஊரில், ஒரு மதுக்கடையின் பழைய மர மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து அரை பைண்ட் 'பிட்டர்' குடித்ததிலிருந்து வந்தது.

பிட்டர் என்றால் கசப்பு. பெயரிலேயே ஒளிவு மறைவு கிடையாது. கசப்பு நம் நாக்குக்கும் புதிதல்ல. வருஷப் பிறப்பன்று வேப்பம்பூப் பச்சடி சாப்பிடுகிறோம்; பாகற்காயும் சுண்டைக்காய் வற்றலும் நம்முடைய சமையலறையில் நிரந்தர வாசம் செய்கின்றன. ஆனால் நாம் கசப்பைத் தனியாக அனுப்புவதில்லை. வெல்லத்தையோ புளியையோ துணைக்குச் சேர்த்தே அனுப்புகிறோம். இந்தப் பானத்தில் முதலில் வறுத்த தானியத்தின் மணமும் லேசான இனிப்பும் தெரிகின்றன. விழுங்கின பிறகுதான் கசப்பு வந்து நாக்கின் அடியில் சாவதானமாக உட்காருகிறது. சோடாவைப் போலப் பொங்குவதில்லை. பல் கூசும்படி குளிர்வதுமில்லை. நிலவறையின் குளிர்ச்சி எவ்வளவோ அவ்வளவுதான், சுமார் 12 டிகிரி. முதல் வாய்க்கு முகம் சுளித்தேன். நாலாவது வாயில், இந்தக் கசப்பை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை என்று புரிந்துவிட்டது.

அந்தக் கசப்பு ருசிக்காக மட்டும் ஏற்பட்டதல்ல. ஹாப்ஸ் என்று ஒரு கொடி. அதன் பூவைப் போட்டுக் கொதிக்க வைப்பதால் வருவது. 15-ஆம் நூற்றாண்டில் கடலுக்கு அப்பாலிருந்து, ஹாலந்து, பெல்ஜியம் பக்கத்திலிருந்து, இந்த வழக்கம் இங்கிலாந்துக்கு வந்தது. அதற்குமுன் அவர்கள் குடித்தது ஹாப்ஸ் இல்லாத பானம். சீக்கிரம் புளித்துப் போகும். ஹாப்ஸ் போட்டால் கெடாமல் இருக்கும். கெடாமல் காப்பதற்காக வந்த கசப்பே நாளடைவில் ருசியாகிவிட்டது. மனித சுபாவத்தில் இப்படி எத்தனையோ நடந்திருக்கின்றன.

நான் குடித்தது ஹார்வீஸ் என்ற குடும்பத்தின் ஆலையில் காய்ச்சியது. 1790-இல் ஆரம்பித்த தொழில். இன்றும் வெளியார் கைக்குப் போகவில்லை. ஊஸ் ஆற்றின் கரையில், கோபுரம் போல உயர்ந்து நிற்கிறது கட்டடம். சுண்ணாம்புக் குன்றுகளில் ஊறி வரும் தண்ணீர், முளைகட்டிக் காயவைத்த பார்லி, அக்கம்பக்கத்துச் சீமைகளில் விளைந்த ஹாப்ஸ், நொதி: இந்த நாலுதான் முக்கியச் சரக்கு. இடித்த பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, சாறு இறக்கி, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்க விட்டு, ஆற்றி, நொதி சேர்க்கிறார்கள். நொதி வேலை செய்யும்போது நுரை மேலே திரண்டு கட்டுகிறது. அந்த நுரையை வழித்து எடுத்து அடுத்த காய்ச்சலுக்கு வைத்துக்கொள்கிறார்கள். பீப்பாய்க்குள் போன பிறகும் பானம் அடங்கிவிடுவதில்லை. உயிரோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பக்குவமாகிக்கொண்டே இருக்கிறது. கடைக்காரர் அது தெளியும் வரை பொறுத்திருக்க வேண்டும். திறந்துவிட்டாலோ மூன்று நாலு நாளில் தீர்த்துவிட வேண்டும். பொறுமையும் வேண்டும், அவசரமும் வேண்டும் என்றால் எத்தனை பேருக்குச் சரிப்பட்டு வரும்?

நுரையை எடுத்து வைக்கும் சங்கதியைக் கேட்டதும் எனக்கு எங்கள் வீட்டு உறைமோர்தான் நினைவுக்கு வந்தது. எவ்வளவு பேர் சாப்பாட்டுக்கு வந்தாலும் அம்மா கிண்ணத்தின் அடியில் ஒரு கரண்டித் தயிரைத் தொடவிட மாட்டாள். அது இன்றைக்கு உரியது அல்ல, நாளைக்கு உரியது. அப்படியும் என்றைக்காவது தவறிப் போய்விட்டால், அடுத்த வீட்டில் ஒரு கரண்டி வாங்கி வருவோம். லூயிஸ்காரர்களும் அப்படி வாங்கி வந்தவர்கள்தான். அவர்களுடைய நொதி 1957-இல் வடக்கே யார்க்ஷயரில் டாட்காஸ்டர் என்ற ஊரிலிருந்த வேறொரு ஆலையிலிருந்து வந்தது. அன்று முதல் காய்ச்சலுக்குக் காய்ச்சல் எடுத்து வைத்து அதையே வளர்த்து வருகிறார்கள். ஊரே 'எங்கள் ருசி' என்று பெருமைப்படும் ருசிக்கு வித்து அடுத்த வீட்டுக் கரண்டி! பரம்பரை என்பது ரத்தத்தில் வருவது என்று நினைக்கிறோம். இல்லை. தினமும் தவறாமல் எடுத்து வைப்பதற்குத்தான் பரம்பரை என்று பெயர்.

அந்த ஊரார் இந்த ருசியிடம் வைத்திருக்கும் விசுவாசத்துக்கு ஒரு கதை உண்டு. லூயிஸ் ஆர்ம்ஸ் என்ற கடை வெளியூர்ப் பெரிய கம்பெனி ஒன்றின் கையிலிருந்தது. அந்தக் கம்பெனி 2006 டிசம்பரில், இனிமேல் இங்கே ஹார்வீஸ் பிட்டர் கிடையாது என்று நிறுத்திவிட்டது. தினசரி வந்துகொண்டிருந்தவர்கள் வருவதை நிறுத்தினார்கள். வாசலில் நின்று, மற்றவர்களையும் உள்ளே போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். 133 நாட்கள் இப்படியே போயிற்று. 2007 ஏப்ரலில் கம்பெனி இறங்கி வந்து, பழைய பிட்டரை மறுபடி கொண்டுவந்து வைத்தது. கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊரில் மதுக்கடை வாசலில் மறியல் செய்தவர்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவன் நான். கடையை மூடச் சொல்லி மறியல் செய்வார்கள். நல்ல சரக்கு விற்கச் சொல்லியா மறியல்? ஆனால் சிரித்து முடித்ததும், அவர்கள் கேட்டது போதை அல்ல என்பது தெரிந்தது. போதைக்கு அந்தக் கடையில் வேறு பீப்பாய்கள் இருந்தன. பழகிய ஒன்று தங்களைக் கேளாமல் பறிபோகக் கூடாது என்றுதான் நின்றிருக்கிறார்கள்.

இத்தனையையும் ஊருக்குத் திரும்பியதும் என் பால்ய நண்பனிடம் உற்சாகமாகச் சொன்னேன். உறைமோர் உபமானம் எனக்கே மிகவும் பிடித்திருந்தது. அவன் கடைசி வரை கேட்டான். பிறகு, "நன்றாகச் செய்கிறார்கள் என்றால் என்னடா அர்த்தம்? எங்கள் அப்பா குடித்ததைக்கூட எவனோ நன்றாகத்தான் செய்திருப்பான்" என்றான்.

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. 1971-இல் மதுவிலக்குத் தளர்ந்தபோது எங்கள் தெருக்கோடியில் சாராயக் கடை வந்தது. 1974-க்குள் அந்தக் கடைகளை மூடிவிட்டார்கள். அவன் அப்பாவின் குடி கடையோடு மூடவில்லை. அவர்கள் வீட்டுப் பித்தளை அண்டா அடகுக்குப் போன நாளில் நான் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அவன் அம்மா அதைப் புடவையால் மூடி எடுத்துக்கொண்டு போனாள். அதை மறந்துவிட்டா லூயிஸைப் புகழ்ந்தேன்?

சமாதானம் சொல்லிக்கொள்ள வழி இல்லாமல் இல்லை. சாராயம் வேறு, 4 சதவீதம் போதையுள்ள பிட்டர் வேறு என்று சொல்லலாம். இங்கிலாந்திலேயே அப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். 1751-இல் ஹோகார்த் என்ற சித்திரக்காரர் இரண்டு படங்கள் போட்டார். ஜின் குடிக்கும் தெரு நாசமாகிக் கிடக்கிறது. பீர் குடிக்கும் தெரு செழித்துக் கொழிக்கிறது. அந்த நம்பிக்கையிலேயே 1830-இல் ஒரு சட்டம் செய்து, இரண்டு கினி கட்டினால் யாரும் பீர்க்கடை வைக்கலாம் என்று விட்டார்கள். ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன, குடிவெறி குறையவில்லை. பானம் மென்மையானது என்பதால் மட்டும் அளவு வந்துவிடாது.

'நான் அரை பைண்டோடு எழுந்துவிட்டேனே' என்றும் சொல்லிக்கொள்ளலாம். இது அதைவிட மோசமான சமாதானம். எழ முடிந்தவன் எழுந்தான். அதில் என் சாமர்த்தியம் என்ன இருக்கிறது? என் உடம்பு என்னை விட்டது. அவன் அப்பாவை அவர் உடம்பு விடவில்லை. மேலும், விற்கிறவனுக்கு லாபம் நான் எழுந்து போவதில் இல்லை, இன்னொன்று கேட்பதில்தான் இருக்கிறது. அவன் எவ்வளவு யோக்கியனானாலும் இந்தக் கணக்கு மாறாது. 2003 முதல் எங்கள் மாநிலத்தில் சில்லறைக்கு விற்பது அரசாங்கமே என்றான பிறகும் இதே கணக்குத்தான்.

அப்படியானால் அந்த நாணயம் பொய்யா? அப்படியும் என்னால் சொல்ல முடியவில்லை. நொதியை இத்தனை வருஷம் காப்பாற்றியவர்களின் சிரத்தை நிஜம். அவசரப்படாமல் பீப்பாய் தெளியக் காத்திருப்பவரின் பொறுமை நிஜம். நல்ல குணம், சேராத இடத்தில் இருந்தாலும் நல்ல குணந்தான். நான் செய்த தவறு வேறு. அந்தச் சிரத்தையை மதுவுக்குச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றினேன். 'இவ்வளவு யோக்கியமாகச் செய்கிறார்கள், ஆகையால் இது நல்லது' என்று சொல்லாமல் சொன்னேன். கைவேலைக்குக் கைவேலையைப் பற்றித்தான் சாட்சி சொல்ல அதிகாரம் உண்டு. பண்டத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் அதனோடு குடித்தனம் செய்தவர்கள். அந்த அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனவளைக் கேட்காமல் தீர்ப்பு எழுத எனக்கு உரிமை இல்லை.

ஆகவே இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன். ஒன்று மற்றொன்றைக் கரைத்துவிடாமல். லூயிஸ் பிட்டர் நன்றாக இருந்தது. யாராவது கேட்டால் இன்றும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் சொல்லும்போது அந்தத் திண்ணையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர்களுக்கு ருசி கொஞ்சம் கெட்டுப் போகிறது என்று தெரிகிறது. கெடட்டும்.