நுரையைப் படிக்கும் அறிவு

கழிவுநீரில் காற்றூட்டி, நுண்ணுயிர்க் கசட்டைக் கொண்டு சுத்திகரிப்பது செயலூட்டிய கசடு முறை. 1914இல் மான்செஸ்டரில் ஆய்வாளர்கள் ஆர்டெர்னும் லாக்கெட்டும் அறிவித்த இந்த முறையில்தான் இன்றும் உலகெங்கும் பல கழிவுநீர் நிலையங்கள் ஓடுகின்றன. காற்றூட்டும் தொட்டியில் வெள்ளை நுரை பொங்கினால் கசடு இளசு. அடர்பழுப்பாகத் தடித்தால் முதிர்ந்துவிட்டது. பழகிய ஆபரேட்டருக்கு இது பார்த்ததுமே தெரியும்.

அந்த அறிவை விதிகளாக்கிக் கணினியில் ஏற்றியதே வல்லுநர் அமைப்பு. அது கேட்கும்: கசடு படியவில்லையா? கரைந்த ஆக்சிஜன் எவ்வளவு? இழை பாக்டீரியா பெருகியிருக்கிறதா? நள்ளிரவு ஷிப்டில் தனியாக நிற்கும் புதியவருக்கு இந்தக் கேள்விகள் பெருந்துணை.

ஆனால் விதியைப் பின்பற்றுவது அறிதலாகுமா?

மனித அறிவில் ஒரு பகுதி சொல்லுக்குள் அடங்காது என்று 1966இல் தத்துவவாதி மைக்கேல் பொலானி வாதிட்டார். இந்தியத் தத்துவ மரபான நியாய தரிசனமோ, புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பதை முறையான அறிவாகவே ஏற்றது. அதற்கும் முதலில் புகையைக் கண்டாக வேண்டும். இழை பாக்டீரியாவா என்று கணினி கேட்டால், ஒருவர் மாதிரி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பதில் தர முடியும்.