நாலு கோல் வாங்கியவர்கள்

‘நம்ம ஊர்லேருந்து யார் சார் இந்தியா டீமுக்குப் போவா?’ பச்சைமலை அடிவாரத்தில் பந்து உதைக்கிற பிள்ளைகள் இப்படிக் கேட்டால் எனக்குச் சுர்ரென்று ஏறும். அது கேள்வியே இல்லை. ஆடாமலேயே ஆட்டத்தை விட்டுக்கொடுக்க நீயே எழுதி, நீயே கையெழுத்துப் போட்டுக்கொள்கிற விடுப்புக் கடிதம். கிழித்துப் போடு!

தம்பி, தௌபால் என்ற ஊரைக் கேள்விப்பட்டிருக்கிறாயா? மணிப்பூரில் இருக்கிறது. 2017 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோருக்கான கால்பந்து உலகக் கோப்பை நம் நாட்டில் நடந்தது. இந்திய அணியின் 21 பேரில் எட்டுப் பேர் மணிப்பூர்ப் பையன்கள். கேப்டன் அமர்ஜித் சிங் கியாம் தௌபால்காரர். அப்பா விவசாயி, தச்சு வேலையும் பார்த்தவர். அம்மா இம்பால் போய் மீன் விற்றவர். மரம் செதுக்கும் உளிச் சத்தத்தில் கண் விழிக்கிற நம் அரும்பாவூர்ப் பிள்ளைக்கு இந்த வீடு அந்நியமா, சொல்!

சரி, அந்த அணி என்ன சாதித்தது? மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி. அமெரிக்காவிடம் 0–3, கொலம்பியாவிடம் 1–2, கானாவிடம் 0–4. போட்டியை நடத்துகிற நாடு என்பதால் கிடைத்த இடம்தானே என்று பேசினார்கள். பேச்சில் உண்மை இருந்தது, மறுக்க மாட்டேன்.

ஆனால் அந்த மூன்று ஆட்டங்களுக்குள் என்ன நடந்தது என்று பார். டெல்லி நேரு ஸ்டேடியம். அமெரிக்கா இரண்டு கோல் முன்னால். ஆட்டம் முடியும் தறுவாயில் அன்வர் அலி என்ற பஞ்சாப் பையன் ஓங்கி அடித்த பந்து கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் மோதித் திரும்பியது. திரும்பிய பந்தைக் கொண்டு ஓடிய அமெரிக்கர்கள் மறுமுனையில் மூன்றாவது கோலைப் போட்டார்கள். 1–2 ஆகியிருக்க வேண்டியது 0–3 ஆனது. அடுத்து கொலம்பியா. 82ஆவது நிமிடம், சஞ்சீவ் ஸ்டாலின் கார்னரிலிருந்து தூக்கிக் கொடுத்த பந்தை ஜீக்சன் சிங் எகிறித் தலையால் முட்டினார். கோல்! ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியா போட்ட முதல் கோல் அது. அரங்கம் ஆடித் தீர்ப்பதற்குள், அடுத்த நிமிடமே பெனலோசா கொலம்பியாவுக்கு இரண்டாவது கோலை அடித்துவிட்டார். சந்தோஷத்துக்கு ஒரு நிமிடம்கூட முழுசாகக் கிடைக்கவில்லை. 17 வயதுகூட நிரம்பாத ஒருவனுக்கு இதைவிடப் பெரிய அடி எது?

பத்து மாதம் தள்ளி வா. 2018 ஆகஸ்ட், ஸ்பெயினில் கோடிஃப் கோப்பை. அமர்ஜித், அன்வர் என்று அதே பையன்கள் பலர், இப்போது 20 வயதுக்குட்பட்டோர் அணியில். எதிரே அர்ஜென்டினா. அந்த அணியின் பயிற்சியாளர் லியோனல் ஸ்கலோனி. ஆமாம், நாலு வருஷம் கழித்து மெஸ்ஸியை வைத்துக் கத்தாரில் உலகக் கோப்பையைத் தூக்கிய அதே ஸ்கலோனிதான். நாலாவது நிமிடத்திலேயே தீபக் டாங்ரி கோல் போட்டார். இரண்டாம் பாதியில் அனிகேத் ஜாதவுக்கு ரெட் கார்டு. பத்துப் பேர் மிச்சம். அர்ஜென்டினாவிடம் பத்துப் பேரோடு என்ன செய்வாய்? பந்தை வெளியே உதைத்து நேரத்தை ஓட்டுவாயா? 68ஆவது நிமிடம், ஃப்ரீ கிக். அடித்தது அன்வர் அலி. பந்து மறுபடியும் குறுக்குச் சட்டத்தில்தான் போய் மோதியது. இந்த முறை உள்ளே விழுந்தது. முடிவு 2–1, இந்தியா!

கோடிஃப் அழைப்பின் பேரில் நடக்கிற போட்டிதான்; உலகக் கோப்பை அல்ல. ஊதிப் பெருக்க வேண்டாம்; இதைவிடப் பெரிய கோப்பையை நாம் தொட்டதுண்டு. 1974இல் பாங்காக்கில் ஷபீர் அலி தலைமையில் ஈரானோடு 2–2 என முடித்து ஆசிய இளையோர் கோப்பையைப் பகிர்ந்துகொண்ட நாடு இது. அதற்குப் பிறகு அந்தக் கோப்பையை இந்தியா தொட்டதே இல்லை. அந்த ஏக்கம் எனக்கும் உண்டு. ஏக்கப்பட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தால் யார் போய் எடுத்து வருவது?

பாப்பா, நீயும் கேள். 2022இல் நம் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் மூன்று ஆட்டங்களில் 16 கோல் வாங்கினார்கள், ஒன்றுகூடப் போடவில்லை. சிரித்தவர்கள் சிரித்தார்கள். 2025 ஆகஸ்டில் யாங்கூனில் மியான்மரை அவர்கள் மண்ணிலேயே 1–0 என்று சாய்த்து, 20 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு! சிரித்தவர்களை அன்று காணவில்லை.

அன்வர் கதையும் அர்ஜென்டினா ஆட்டத்தோடு முடியவில்லை. இதயத்தில் கோளாறு என்று 2019இல் தெரிந்தது. ஆடக் கூடாது என்றார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் மைதானத்துக்குத் திரும்பினார். (மருத்துவர் சொல்லை மீறு என்று நான் சொல்லவில்லை, முறைப்படி போராடித்தான் அவர் வந்தார்.) 2022 ஜூனில் கொல்கத்தாவில் ஹாங்காங்குக்கு எதிரான ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் இரண்டாவது நிமிடத்திலேயே இந்திய சீனியர் அணிக்காகக் கோல் போட்டார்.

அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சின்ன ஊர் என்று யாரும் தள்ளி வைக்கவில்லை; கை வேலையைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். உன் காலுக்கு மட்டும் வேறு சட்டமா?

குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, முதலமைச்சர் கோப்பை, சுப்ரதோ கோப்பை என்று வழி இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணைய விடுதிகளுக்கு ஏழு, எட்டு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளை மைதானத்தில் ஓடவிட்டுத்தான் எடுக்கிறார்கள். தேதி எப்போது என்று நாளைக்கே பி.டி. சாரைப் பிடித்துக் கேள். தெரியாது என்றால் விசாரித்துச் சொல்லும்வரை விடாதே. ஷூ இல்லையா? இருப்பவனிடம் கேட்டு வாங்கு. இடது கால் வரவில்லையா? பள்ளிக்கூடச் சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு கட்டம் போடு, இடது காலாலேயே அடி. கட்டம் அழிந்தால் மறுபடி போடு!