எம்.எஸ். மட்டும்தானா?

சைதாப்பேட்டையில் ஓர் அரசு மருத்துவமனை இருக்கிறது. அடையாற்றைத் தாண்டினால், கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 2023 ஜூனில் திறக்கப்பட்ட, 1,000 படுக்கைகள் கொண்ட கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை. பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ். முடிக்கும் இளம் மருத்துவர் எந்தக் கரைக்குரியவர்? குடலிறக்கம், குடல்வால் அழற்சி, சீழ்க்கட்டி, சர்க்கரை நோயாளியின் அழுகிய கால் என்று வருவதையெல்லாம் பார்ப்பதா? இன்னும் மூன்றாண்டு எம்.சிஎச். படித்து ஒரு துறையில் மட்டும் கைதேர்வதா?

இரண்டாவதைத் தேர்ந்தால் உடனே பணத்தாசை என்கிறார்கள். அது நியாயமில்லை. எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.எஸ். மூன்று, எம்.சிஎச். மூன்று, இடையில் ஒரு நாள்கூட வீணாகாவிட்டாலும் வயது முப்பதை நெருங்கிவிடும். எம்.சிஎச். போன்ற உயர் சிறப்புப் படிப்புகளுக்கான நீட் எஸ்.எஸ். தேர்வுக்குக் காத்திருக்கும் காலம் தனி. இத்தனையையும் ஏற்பவர்களில் பலருக்குத் துறைமீது உண்மையான ஈடுபாடு உண்டு. சிலருக்குப் பயமும் உண்டு. வார்டு வேலையிலும் கேஸ் ஷீட்டிலும் எம்.எஸ். காலம் கரைந்து, தனியாகக் கத்தி பிடிக்கும் துணிவு வராமலே பட்டம் வந்துவிடுகிறது. அந்தக் குறையை மறைக்காமல் மேலும் பயிற்சி தேடுகிறவர் நோயாளிக்கு நன்மையே செய்கிறார். அமெரிக்காவிலும் பொது அறுவைப் பயிற்சி முடிப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நால்வர் மேற்பயிற்சிக்குத்தான் போகிறார்கள்.

ஆனால் ஈடுபாடு மட்டுமே காரணமென்றால், குழந்தை அறுவையிலும் இதய அறுவையிலும் ஆண்டுதோறும் இடங்கள் காலியாகக் கிடப்பது ஏன்? வருமானம் பார்ப்பது குற்றமில்லை. அவரவருக்குக் குடும்பம் இருக்கிறது. அரசுப் பணியைக் காட்டி இடம் பெறுபவரின் கடன் மட்டும் வேறு. தமிழக அரசு 2020-ல் உயர் சிறப்பு இடங்களில் 50 விழுக்காட்டைப் பணியிலிருக்கும் அரசு மருத்துவர்களுக்கு ஒதுக்கியது. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டுக் கலந்தாய்வை அதன்படி நடத்த அனுமதித்தது. அப்படிக் கிடைக்கும் இடம் ஏழை நோயாளிகளின் பேரால் கிடைப்பது. அதில் படித்துவிட்டு அவர்களை உதறிப் போவதை ஏற்கவே முடியாது.

பொது அறுவையோடு நிற்க யாரும் விரும்பாததற்கான பழியில் பெரிய பங்கு ஊருக்குத்தான். பெண் பார்க்கும் வீட்டிலும் ஓ.பி. வரிசையிலும் ஒரே கேள்வி: "எம்.எஸ். மட்டும்தானா?" குடலில் ஓட்டை விழுந்து நள்ளிரவில் வருபவரைப் பிழைக்க வைப்பவர் பெரும்பாலும் அந்த எம்.எஸ்.தான். அவருக்கு மதிப்பும் இல்லை, இரவில் மயக்க மருத்துவர் துணையும் இல்லை என்றால், எந்த உரிமையில் அவரை இருக்கச் சொல்வது?

தாலுகா மருத்துவமனைவரை இரவுப் பணிக்கு மயக்க மருத்துவரை அமர்த்துவதும், பொது அறுவை மருத்துவருக்கும் தடையில்லாத பதவி உயர்வு தருவதும் அரசு உடனே செய்ய வேண்டியவை. குடலிறக்கத்துக்கு மருத்துவர் தேடுபவர்கள், பெயர்ப்பலகையில் எம்.எஸ். மட்டும் இருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போகாதீர்கள்.