சக்கரத்தின் மேல் ஒரு வீடு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



அல்லாஹ் தஆலா மனிதனுக்கு வழங்கிய நிஃமத்துக்களை வரிசையாக எடுத்துக் கூறும் அந்நஹ்லு சூராவின் 80-வது ஆயத்தில் வீட்டைப் பற்றியும் குறிப்பிடுகிறான். நம் வீடுகளை நமக்கு நிம்மதி தரும் இடங்களாக ஆக்கியிருப்பதைச் சொல்லி, அத்துடன் நிறுத்திவிடாமல், கால்நடைகளின் தோலால் ஆன கூடாரங்களையும் நினைவூட்டுகிறான். புறப்படும் நாளிலும் தங்கும் நாளிலும் அவை நமக்கு இலகுவாக இருக்கின்றன என்கிறான். நிலையான வீடும் அவன் தந்ததே. தூக்கிச் செல்லும் வீடும் அவன் தந்ததே.

இந்த ஆயத்தை நாம் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் டெக்ஸஸ் மாகாணத்தில் வேலை பார்க்கும் மகனைக் காணச் சென்று திரும்பிய நம் நண்பர் ஒருவர், அங்கே தாம் கண்ட ஒரு முஸ்லிம் தம்பதியரைப் பற்றிச் சொன்னார். கணவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் தனித்தனியே போய்விட்டார்கள். பெரிய வீட்டை விற்றுவிட்டு, ஊருக்கு வெளியே மனை வாங்கி, தங்கள் முதுமைக்கு ஏற்றவாறு சிறியதாக ஒரு வீடு கட்டுகிறார்கள். அது முடியும் வரை அந்த மனையின் ஓரத்திலேயே ஒரு வண்டி வீட்டில் குடியிருக்கிறார்கள்.

அந்த நாட்டில் இதனை 'ஆர்.வி.' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நீண்ட பஸ் போல இருக்கும். இருபது அடியிலிருந்து நாற்பது அடி வரை நீளம். அகலமோ எட்டரை அடிக்குள்தான். அதற்குள்ளேயே படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் அடக்கம். நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, கழுவிய தண்ணீருக்கு ஒரு தொட்டி, கழிவறைக்கு ஒரு தொட்டி. தொட்டி நிறைந்தால் அதற்கென உள்ள இடத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். இதனால் ஒவ்வொரு குவளைத் தண்ணீரையும் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் வாழ்க்கை.

நான்கு மாதத்தில் முடியும் என்றார்களாம் வேலைக்காரர்கள். எட்டு மாதம் ஆகியும் கூரை ஏறவில்லை. இது எந்த நாட்டிலும் உள்ள கதைதான்!

நம் நண்பரிடம் அந்தப் பெரியவர், “புது வீட்டில் தொழுகைக்கென்றே கிப்லாவைப் பார்த்து ஓர் அறை வைத்திருக்கிறேன். அங்கே போனதும் நிதானமாகத் தொழலாம், குர்ஆன் ஓதலாம். இப்போது வண்டியில்தானே இருக்கிறோம்? பிரயாணிகள்தானே? அதனால் கஸ்ராக இரண்டிரண்டு ரக்அத்தாகத் தொழுதுகொள்கிறோம்” என்றாராம். இது சரிதானா என்று கேட்டு வந்திருக்கிறார் நண்பர்.

சரியல்ல என்பதே பதில். கஸ்ரு என்பது சக்கரத்துக்குக் கொடுக்கப்பட்ட சலுகையல்ல. சஃபருக்குக் கொடுக்கப்பட்ட சலுகை. ஏறத்தாழ 80 கிலோ மீட்டரும் அதற்கு மேலும் பிரயாணம் புறப்பட்டவருக்கே அது உண்டு. போன இடத்தில் தங்க நாடினால் அதற்கும் வரம்பு இருக்கிறது. வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க நிய்யத் வைத்துவிட்டால் ஷாஃபிஈ மத்ஹபில் முழுமையாகத் தொழ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் பதினைந்து நாட்கள் தங்க நாடியவர் முழுமையாகத் தொழ வேண்டும். இந்தத் தம்பதியரோ குடியிருக்கவே வந்துவிட்டவர்கள். மனையும் அவர்களுடையது, வண்டியும் நின்ற இடத்தில் நிற்கிறது. சுவர் கல்லா தகரமா என்று ஷரீஅத் கேட்பதில்லை; உன் எண்ணம் தங்குவதா போவதா என்றே கேட்கிறது.

அப்படியானால் லுஹர், அஸர், இஷா என்று நாளொன்றுக்கு மூன்று பர்ளுகள், எட்டு மாதங்களில் எழுநூறுக்கும் அதிகமான தொழுகைகள் குறையாக நிற்கின்றன! அவற்றைக் களாச் செய்ய வேண்டும். அறியாமல் செய்தவர்கள், அறிந்ததும் திருத்திக்கொள்வார்கள். அல்லாஹ் மன்னிப்பவன். ஆனால் அடுத்த தொழுகையைப் புது வீட்டுக்கென ஒத்திவைக்க முடியாது.

வண்டிக்குள் இடம் நெருக்கமாக இருக்கிறதா? நின்று தொழ முடிந்தவர் நின்றே தொழ வேண்டும். கிப்லாவை முன்னோக்கியே ஆக வேண்டும். டெக்ஸஸிலிருந்து கிப்லா வடகிழக்காக அமைகிறது. படுக்கையும் மேசையும் குறுக்கே நின்றால் கீழே இறங்கிப் பாயை விரிக்கலாம். பூமி முழுவதும் இந்த உம்மத்துக்கு ஸுஜூது செய்யும் இடமாகவும் சுத்தமானதாகவும் ஆக்கப்பட்டிருக்கிறதே!

தண்ணீர் குறைவாக இருக்கிறதா? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' தண்ணீரால் ஒளுச் செய்தார்கள். ஒரு ஸாஉ முதல் ஐந்து முத் வரையுள்ள தண்ணீரால் குளித்தார்கள். நான்கு முத் சேர்ந்ததே ஒரு ஸாஉ. ஒரு முத் என்பது ஷாஃபிஈ கணக்கில் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. குழாயைத் திறந்துவிட்டு வாளி வாளியாக ஒளுச் செய்யும் நமக்கு, அந்த வண்டி வீட்டின் சிறு தொட்டி ஒரு சுன்னத்தை நினைவுபடுத்துகிறது.

சகோதரர்களே! வீடு கட்டி முடியும் வரை வேறிடத்தில் தங்கியிருப்பது நம் நாயகத்தின் வாழ்விலும் நடந்ததுதான். 622-ஆம் ஆண்டு ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த பெருமானார் (ஸல்) அவர்கள், ஹழ்ரத் அபூ அய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்களின் இல்லத்தில் தங்கினார்கள். ஏறத்தாழ ஏழு மாதங்கள் என்று சரித்திர ஆசிரியர்கள் கூறுகிறார்கள். மஸ்ஜிதுக்குத் தேர்ந்த நிலம் இரண்டு அநாதைச் சிறுவர்களுடையது. இலவசமாகத் தருகிறோம் என்றபோதும் விலை கொடுத்தே பெற்றார்கள். பச்சைச் செங்கல் சுவர், பேரீச்ச மரத் தூண், ஓலைக் கூரை. முதலில் எழுந்தது அல்லாஹ்வின் வீடு. அதன் ஓரத்தில்தான் மனைவியருக்கான சின்னஞ்சிறு அறைகள்.

அந்த அன்ஸாரித் தம்பதியரையும் பாருங்கள். நாயகம் கீழ்த்தளத்தில் இருக்க, தாங்கள் மேலே இருக்கிறோமே என்று கூசினார்கள். ஒருநாள் மேல்தளத்தில் தண்ணீர்ச் சாடி உடைந்துவிட்டது. கீழே சொட்டிவிடுமோ என்று பதறி, தங்களிடம் இருந்த ஒரே போர்வையைக் கொண்டு கணவனும் மனைவியுமாகத் துடைத்து எடுத்தார்கள். இரவில் போர்த்திக்கொள்ள வேறொன்று இல்லை. இடம் குறுகினாலும் உள்ளம் குறுகாத வாழ்க்கை அது! எட்டரை அடி அகலத்தில் எட்டு மாதம் வாழும் கணவன் மனைவிக்கும், கூட்டுக் குடும்பத்தில் ஓர் அறையில் வாழ்வோருக்கும் இதைவிட நல்ல பாடம் ஏது?

அந்த மாதங்களில் நாயகம் அவர்கள், “வீடு முடியட்டும், பிறகு பார்க்கலாம்” என்று எதையும் தள்ளிவைக்கவில்லை. தொழுகையும் நடந்தது, போதனையும் நடந்தது. செங்கல்லையும் தம் கையாலேயே சுமந்தார்கள்.

நாம் எப்படி இருக்கிறோம்? வீட்டு வேலை முடியட்டும், ஹஜ்ஜுக்குப் போகலாம் என்கிறோம். குடியிருக்க ஒரு வீடு தேவைதான், ஷரீஅத் அதை மறுக்கவில்லை. ஆனால் வீடு இருக்க, மாடிக்கு மேல் மாடியல்லவா எழுப்பிக்கொண்டிருக்கிறோம்! வீடு கட்ட வைத்த பணம்தானே என்று ஜகாத்தை மறந்துவிடுகிறோம். அது நிஸாபை எட்டி, கையில் ஒரு சந்திர வருடம் இருந்துவிட்டால் நாற்பதில் ஒரு பங்கு ஏழையின் உரிமை. கொடுக்க வேண்டிய கடன் இருந்தால் விவரத்தைச் சொல்லி ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். கேட்காமலே இருப்பதுதான் தவறு. வஸிய்யத் எழுத வேண்டிய விஷயம் உள்ளவர், எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள் கழியக் கூடாது என்று ஹதீது இருக்கிறது. அறுபதைக் கடந்தும் வீட்டு வரைபடம் இருக்கிறது, வஸிய்யத் இல்லை!

ஹழ்ரத் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் தம் குடிசையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தபோது அவ்வழியே வந்த நாயகம் (ஸல்) அவர்கள், காரியம் இதைவிட விரைவாக வரக்கூடியது என்று உணர்த்தினார்கள். செப்பனிடாதே என்று தடுக்கவில்லை, மறந்துவிடாதே என்றார்கள்.

நாயகத்தின் அந்த அறைகள் என்னவாயின தெரியுமா? கையை உயர்த்தினால் கூரை தட்டும் அளவுக்கே அவை இருந்தன என்று ஹழ்ரத் ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கலீஃபா வலீதின் காலத்தில் பள்ளியை விரிவாக்க அவற்றை இடித்தபோது மதீனாவே அழுதது. அவற்றுள் ஒன்றில்தான், ஹழ்ரத் ஆயிஷா (ரலி) அவர்களின் அறையில், நாயகம் அவர்கள் அடங்கியிருக்கிறார்கள்.

எனவே அந்தத் தம்பதியருக்கு நாம் சொல்லியனுப்பியது இதுதான்: ஃபிக்ஹின் கணக்கில் நீங்கள் முகீம், ஊரில் தங்கியவர்கள், தொழுகையை முழுமையாகத் தொழுங்கள். நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதோ வேறு. கல் வீட்டில் இருக்கும் நாம்தான் உண்மையில் முஸாஃபிர்கள். உலகில் ஓர் அந்நியனைப் போல, வழிப்போக்கனைப் போல இருக்கும்படி இப்னு உமர் (ரலி) அவர்களின் தோளைப் பிடித்து நாயகம் சொன்னது நமக்கும்தான். அங்கே ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. அதற்குச் செங்கல் இங்கிருந்துதான் போக வேண்டும். இன்றைய லுஹரும் இன்றைய அஸருமே அந்தச் செங்கல்.

யா அல்லாஹ்! எங்கள் இல்லங்களில் பரக்கத்தைத் தருவாயாக! அவை முடியும் முன்பே எங்கள் இபாதத்தைத் தொடங்கச் செய்வாயாக! இறுதி வீட்டை ஒளியுள்ளதாக ஆக்குவாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.