தாரை வார்த்த கோப்பு

எங்கள் குலசாமி கோவில் ஆனைமலையன்பட்டிப் பக்கம், பன்னீர் திராட்சைப் பந்தல்களுக்கு நடுவில் இருக்கிறது. சிவராத்திரிக்குக் கூடும் பங்காளிகள் 180 தலைக்கட்டு. வரி, உபயம், நேர்ச்சைக் கிடா எல்லாம் பெரியப்பாவின் நீள நோட்டில்தான் இருந்தன. கணினியில் ஏற்றித் தருகிறேன் என்று நானாகத்தான் போய் நின்றேன்.

கம்பெனி வேலைப் பழக்கத்தில், சர்வரோடு ஓடும் பெரிய டேட்டாபேஸைப் போட்டேன். ஒரே லேப்டாப்பில் ஒரே ஆள் ரசீது எழுதுகிற இடத்துக்கு! சிவராத்திரி இரவு கரண்ட் போய் வந்ததில் லேப்டாப் எழுந்தது, சர்வர் எழவில்லை. பெரியப்பா திட்டவில்லை. மஞ்சப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். "கணக்கு இதுக்குள்ளதானடா இருக்கு? எடுத்துக் குடுக்க இன்னொருத்தன் எந்திரிக்கணுமா?"

கிட்டத்தட்ட இதே எரிச்சலில் பிறந்ததுதான் எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ். அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஹிப், சர்வர் படுத்தால் தன் நிரலும் படுப்பதைப் பார்த்து, சர்வரே வேண்டாத ஒன்றை 2000இல் எழுதினார். மொத்தக் கணக்கும் ஒரே கோப்பு. நிரலை மூடிவிட்டுப் பென்டிரைவில் போட்டால் நகல் தயார். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்துக்கு நாலு கணினியில் ரசீது போடவேண்டுமென்றால் இதைச் சொல்ல மாட்டேன்.

கோவில் கணக்கை எஸ்க்யூலைட்டுக்கு மாற்றி எழுதும்போதுதான் அதன் மூல நிரலைத் திறந்தேன். காப்புரிமை அறிவிப்பு நிற்கவேண்டிய இடத்தில், நல்லது செய்யவும் மன்னிக்கவும் சொல்லும் ஒரு சிறு ஆசீர்வாதம் இருந்தது. உரிமையை அவர் பொதுவுக்கே விட்டுவிட்டார். நம்மில் தானம் கொடுக்கும்போது நீர் வார்ப்பார்களே, அதுதான் இது. நீர் விழுந்தபின் கொடுத்தவனுக்குப் பிடி கிடையாது.

எங்கள் கோவில் டியூப்லைட்டைப் பாருங்கள். வெளிச்சம் வர வழியில்லாமல் உபயதாரர் பெயர். பெயர் இருப்பதே குற்றம் என்று சொல்லவில்லை. ஹிப்பின் பெயரும் ஊரறிந்ததுதான். லோயர் கேம்ப்பில், அணை கட்டிய பென்னிகுவிக்குக்குச் சிலை வைத்தது நாம், அவர் கேட்கவில்லை. கொடுத்த பிறகும் "என் லைட்டை எவன் கழட்டினான்?" என்று சண்டைக்கு வருகிறோமே, அங்கேதான் தானம் பாதியில் நின்றுவிடுகிறது. சாமிக்கு இந்த உபயப் பட்டியல் தேவையென்று நான் நம்பவில்லை. பங்காளிகளுக்குத் தேவை, எழுதிக் கொடுத்தேன்.

போன சிவராத்திரி வரைக்குமான கணக்கு 2 எம்.பி.கூட வரவில்லை. நிரலின் முதல் திரையில், கீழே, 'மென்பொருள் உபயம்' என்று என் பெயர் இருக்கிறது. இன்னும் எடுக்கவில்லை.