விட்ட அம்பின் மிச்ச வேகம்

வினையை அம்பாகச் சொன்னால், அம்பறாத்தூணியில் கிடப்பது சஞ்சிதம், வில்லில் பூட்டியது ஆகாமியம், கையைவிட்டுப் போனது பிராரப்தம். முதல் இரண்டையும் ஞானம் சுட்டெரிக்கும், மூன்றாவதை அனுபவித்தே தீர்க்க வேண்டும். உபன்யாசங்களில் இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். என் பெரியம்மா சின்ன வயதில் தாலி இழந்தபோது துக்கம் கேட்க வந்தவர்கள் சொன்னதும் இதுதான்: "விட்ட அம்பு, நம்ம கையில என்ன இருக்கு?" பிறகு அவர் ஆசிரியப் பயிற்சிக்குப் போகிறேன் என்று கேட்டபோதும் அதே அம்பைத்தான் எடுத்தார்கள்.

அந்த உவமையை என்னால் சோதித்துப் பார்க்க முடியும் என்று நினைத்ததில்லை. கோவையில் என் மகள் ஏர் ரைஃபிள் பழகும் பத்து மீட்டர் ரேஞ்சுக்கு ஒரு குரோனோகிராஃப் வந்தது. பெல்லட்டின் வேகத்தை அளக்கும், கைப்பையில் அடங்கும் சின்னப் பெட்டி. பெல்லட் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். உள்ளே இரண்டு சென்சார்கள். முதலாவதைக் கடக்கும்போது கடிகாரம் ஓடத் தொடங்கும், இரண்டாவதைக் கடக்கும்போது நிற்கும். நடுவே 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் அதைத் தாண்ட ஒரு மில்லி வினாடிகூட ஆகாது. நான் பள்ளியில் கணக்கு எடுத்தவள். தூரத்தை நேரத்தால் வகுக்கும் வேலையை இவ்வளவு சின்ன எண்ணில் ஒரு பெட்டி செய்வதைப் பார்க்க ஆசையாக இருந்தது.

குழாய் முனையில் வைத்துச் சுட்டதில் 172, 170, 173 என்று வந்தது. ஒரே துப்பாக்கி, ஒரே டப்பா பெல்லட், ஒரே கை. "வேகம் கூடணும்னு இல்லைங்க மேடம், ஒரே மாதிரி இருந்தாப் போதும்" என்றார் பயிற்சியாளர். பெட்டியை இலக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவருக்கு மனசே இல்லை. சற்று விலகினால் பெட்டி போய்விடும். மகள் மட்டும் சுடலாம் என்று ஒப்புக்கொண்டார். (என்னை யாரும் கேட்கக்கூட இல்லை.) அங்கே 158 காட்டியது. அரை கிராம் ஈயம், தட்டையான மூக்கு, ஒடுங்கிய இடுப்பு. பத்து மீட்டருக்குள் காற்று அதன் வேகத்தில் அவ்வளவைத் தின்றிருந்தது.

கணாதருக்கு இது ஆச்சரியமாக இருந்திருக்காது. அம்பின் முதல் அசைவு நாண் உந்துவதால் வருகிறது, அடுத்தடுத்த அசைவுகள் அந்த அசைவு உண்டாக்கிய சம்ஸ்காரத்தால், அதாவது அம்பில் தங்கும் வேகத்தால், வருகின்றன, சம்ஸ்காரம் இல்லாதபோது கனத்தால் அம்பு விழுகிறது என்கிறது அவருடைய வைசேஷிக சூத்திரம். சங்கரர் சாந்தோக்கிய உபநிடத பாஷ்யத்தில், ஆறாம் அத்தியாயத்தில், இந்த அம்பை எடுப்பது ஒரு குறிப்பிட்ட கேள்விக்காக: ஞானம் வந்த கணமே ஞானியின் உடல் ஏன் விழவில்லை? பலன் தரத் தொடங்கிவிட்ட வினை, விட்ட அம்பு போல, வேகம் தீர்ந்த பிறகே ஓயும் என்பது அவர் பதில். கேள்வி ஞானியின் உடலைப் பற்றியது. ஒரு பெண் மேலே படிக்கலாமா என்பதைப் பற்றியது அல்ல.

காற்று தடுப்பதும் பிராரப்தத்தில் அடக்கம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அப்படியானால் அம்பு உவமையே தேவையில்லை. எதிர்ப்படும் காற்று, கனம், தூரம் எல்லாவற்றையும் அம்புக்குள்ளேயே அடைத்துவிட்டால், அதற்குப் பிறகு அதை அம்பு என்று சொல்வதில் பொருளில்லை.

இன்னொன்றும் ரேஞ்சில் தெரிந்தது. ட்ரிகரை அழுத்திய பிறகும் சில மில்லி வினாடிகள் பெல்லட் குழாய்க்குள்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் தோள் அசைந்தால் குறி கெடும். சுட்ட பிறகும் குறியை விடாதே என்று பயிற்சியாளர்கள் நாள் முழுக்கக் கத்துவது அதனால்தான். பத்துப் புள்ளிக்கான வட்டம் அரை மில்லிமீட்டர். அங்கே சின்ன அசைவும் கணக்கில் வந்துவிடும். அந்தச் சில மில்லி வினாடிகள் ஆகாமியமா, பிராரப்தமா? நான் கேட்ட எந்த உபன்யாசத்திலும் குழாய்க்குள் ஓடும் அம்புக்கு இடமில்லை. மனிதர்கள் விதி என்று கைவிடுபவற்றில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். பெரியம்மா விஷயத்தில் பெரியப்பாவின் மரணம் விட்ட அம்புதான், அதை ஒப்புக்கொள்கிறேன். படிப்பு அப்படியல்ல. அது குழாயைவிட்டு வெளியே வரவே இல்லை. ட்ரிகரில் இருந்தது வீட்டுப் பெரியவர்களின் விரல்.

உபன்யாசம் செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அம்பைச் சொல்லுங்கள், நல்ல உவமைதான். சொல்லும்போது அது யாருக்காகச் சொல்லப்பட்டது என்பதையும், வேகம் தீரும் என்ற மறுபாதியையும் சேர்த்தே சொல்லுங்கள்.