பழைய நோட்டு

கல்லூரியில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் எடுத்த மேடத்தைப் பற்றி, ஆண்டுக் கடைசியில் கொடுத்த கருத்துப் படிவத்தில் ‘பழைய நோட்டை வைத்தே ஓட்டுகிறார்’ என்று எழுதினேன். பெயர் போட வேண்டாத படிவம். துணிச்சலுக்குக் குறைவில்லை.

பல வருடம் கழித்து, நண்பர் கேட்டுக்கொண்டதால், ஒரு பொறியியல் கல்லூரியில் சனிக்கிழமைகளில் அதே பாடத்தை ஒரு செமஸ்டர் எடுத்தேன். தினமும் கோடு எழுதுகிறவனுக்கு லிங்க்டு லிஸ்ட் என்ன பெரிய விஷயம்? முப்பது ஸ்லைடுகளை மளமளவென்று ஓட்டினேன். “புரியுதா?” “புரியுது சார்.” அடுத்த வாரம் லேபில் ஒரு நோடை நீக்கச் சொன்னேன். பாதிப் பேர் அதை முதலில் ஃப்ரீ செய்துவிட்டு, அடுத்த நோடின் முகவரியை அதற்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பாடம் தெரியும். அது தெரியாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் மறந்துபோயிருந்தது. அந்த மறதியோடு மல்லுக்கட்டுவதுதான் தயாரிப்பு. எங்கே வழுக்கும், எந்தத் தப்பான விடை சரியானது மாதிரியே தோன்றும் என்று யோசிக்க உட்கார்ந்தால், ஒரு மணி நேர வகுப்புக்கு ஐந்து மணி நேரம் போய்விடுகிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 40 மணி நேர வேலை. அதில் நேரடிக் கற்பித்தல் 16. மீதி நேரமும் வேலைதான் என்று விதிக்கே தெரிந்திருக்கிறது. டைம்டேபிளை மட்டும் பார்க்கிற நமக்குத்தான் அது ஓய்வாகத் தெரிகிறது.

சரி, என் ஆபீஸ் மாதிரி எல்லாவற்றுக்கும் டிக்கெட் போட்டுக் கணக்கு வைக்கலாமா? லெசன் பிளான், கோர்ஸ் ஃபைல் என்று அதுவும் நடக்கிறது. ஒரு மாணவரைக்கூட மனதில் நினைக்காமல் அந்த ஃபைலை அழகாக முடித்துவிட முடியும். நல்ல தயாரிப்போ தடமே விடாது. ‘இவ்வளவுதானா, ஈஸி’ என்று மாணவர் எழுந்து போவார். நன்றி சொல்லக்கூட அவருக்குத் தோன்றாது. அப்படியானால் நாம் செலுத்த வேண்டிய கடன் என்ன? குறைந்தபட்சம், கண்ணில் படாத உழைப்பை ‘இல்லை’ என்று தீர்ப்பு எழுதாமல் இருப்பது.

மூன்றாவது வாரம் நான்கு பேரை வரிசையாகக் கைகோத்து நிற்கச் சொன்னேன். “முதல்ல அடுத்தவன் கையப் பிடிச்சுக்கோ, அப்புறம் இவன விடு.” வகுப்பு சட்டென்று புரிந்துகொண்டது. எனக்கு ஒரே பெருமை.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது, அந்த வாக்கியம் என்னுடையதில்லை. மேடம் சொன்னது. அந்தப் பழைய நோட்டில்தான் எங்கோ இருந்திருக்கும்.